ஆனைமலையைக் கிழக்கிலிருந்து பாருங்கள்

பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் இறங்கி "நேஷனல் பார்க்குக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், ஒருவர் டாப்சிலிப் பேருந்தைக் காட்டுவார், இன்னொருவர் வால்பாறைப் பேருந்தைக் காட்டுவார். விவரம் தெரிந்தவராக இருந்தால், முதலில் உடுமலைக்குப் போங்கள் என்பார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். 1989-இல் அறிவிக்கப்பட்ட இந்திரா காந்தி தேசியப் பூங்கா 117.10 சதுர கிலோமீட்டர். அது ஒரே துண்டு நிலம் கிடையாது. டாப்சிலிப்பை ஒட்டிய கரியன் சோலை ஒரு துண்டு. வால்பாறைக்கு மேலே கிராஸ் ஹில்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அக்காமலைப் புல்வெளி இன்னொரு துண்டு. உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணைக்கும் மேலே இருக்கும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு மூன்றாவது. 1976-இல் சரணாலயமாகி, 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகமான 958.59 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் இவை மூன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

இப்படிப் பிரித்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்று மழைக்காடு, ஒன்று மலையுச்சிப் புல்வெளி, ஒன்று முள்காடு. இந்த மூன்றின் உள்பகுதிக்கும் சாதாரணப் பயணிக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, கிடைக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் மூன்றின் ஓரத்தையும் பொதுச் சாலைகள் தொட்டுக்கொண்டு போகின்றன. எந்தச் சாலையில் எந்த மாதம் போக வேண்டும் என்று தெரிந்தால், வேலி தாண்டாமலே முழு ஆனைமலையையும் பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் வால்பாறையில் இரண்டு நாள் தங்கி, தேயிலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துவிட்டு ஆனைமலை பார்த்தாகிவிட்டது என்கிறார்கள். தேயிலை காடு அல்ல, காட்டை வெட்டி நட்டது. கிழக்கே உடுமலைப் பக்கம் தொடங்கி மேற்கே முடித்தால்தான் இந்த மலை என்ன செய்கிறது என்பது புரியும்.

மலை செய்வது இதுதான். ஜூனில் கேரளப் பக்கமிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் முட்டி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்துவந்ததை அங்கேயே கொட்டுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதே காற்று சூடாகி, மேகம் கரைந்து, வெறும் காற்றாக வருகிறது. அதனால் வால்பாறைக்கு அருகே சின்னக்கல்லாறில் விடாமல் மழை கொட்டும் நாளில், அமராவதி அணைக்கரையில் புழுதி பறக்கும். காப்பகத்தின் வறண்ட ஓரத்தில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில் மழை. ஈரமான ஓரத்தில் 5,000 வரை. ஒரே காப்பக எல்லைக்குள் பத்து மடங்கு வித்தியாசம். உயரமும் சேர்ந்துகொள்கிறது: அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 340 மீட்டர், உச்சிகள் 2,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள மழைமானி வேண்டாம், இலை போதும். தண்ணீர் குறைந்த இடத்தில் மரம் இலையைச் சிறிதாக்கும். கோடையில் மட்டும் தண்ணீர் இல்லாத இடத்தில் பெரிய இலை விட்டு, கோடை வந்ததும் உதிர்த்துவிடும். ஆண்டு முழுக்க மழை பெய்யும் இடத்தில் இலை நுனி வால் போல நீண்டு தண்ணீரை வடிக்கும். குளிரும் காற்றும் அடிக்கும் உச்சியில் மறுபடி சிறிதாகும், ஆனால் தோல் போலத் தடித்திருக்கும். இந்த நான்கையும் கண்ணில் வைத்துக்கொண்டால், விலங்கு எதுவும் தென்படாத நாளும் வீணாகப் போகாது.

கிழக்கு: முள்காடு

உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலையில் ஒன்பதாறு சோதனைச்சாவடி வருகிறது. அங்கிருந்து கேரள எல்லையான சின்னாறு சாவடி வரை காப்பகத்துக்குள் செல்லும் சாலை. வண்டியை நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அபராதம். இரவில் இந்த வழியே போவதற்குக் கட்டுப்பாடு உண்டு, இரு சக்கர வாகனத்தில் வருபவர்கள் மாலை ஆறுக்கு வெகு முன்னதாகவே கடந்துவிட வேண்டும். கோடையில் மலையில் நீரோடைகள் வற்றியதும் யானைகள் இந்தச் சாலையைக் கடந்துதான் அமராவதி அணைத் தண்ணீருக்கு வரும். காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் வளைவுகளில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் இருப்பது உயிருக்கு நல்லது.

இங்கே மரங்கள் குடை விரித்தது போலத் தட்டையாக நிற்கும். உடை மரம். அதன் சிற்றிலை ஒவ்வொன்றும் ஒரு சில மில்லிமீட்டர்தான். மரத்தின் நிழலில் நின்றால் தலையில் வெயில் புள்ளி புள்ளியாக விழும். இடையிடையே கள்ளி, கிளுவை, சப்பாத்தி. தரை கல்லும் செம்மண்ணும். வெறுமையாகத் தெரியும் இந்த இடத்தைப் பலர் ஜன்னலை ஏற்றிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. கண் தடையில்லாமல் தூரம் வரை போகும் ஒரே காடு இதுதான். புள்ளிமான் கூட்டம், மயில், தரையில் நட்சத்திர ஆமை என்று எல்லாம் திறந்த வெளியில் கிடைக்கும். மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் சாம்பல் வெளுப்பான காட்டுமாடுகள் இருந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

முள்காட்டின் நடுவே ஆறு ஓடும் இடத்தில் காடு சட்டென்று மாறுகிறது. சின்னாற்றின் கரையில் வெளுத்த, வழுவழுப்பான அடிமரத்தோடு நீர்மருதுகள் வரிசையாக நிற்கும். ஆற்றிலிருந்து ஐம்பது அடி நகர்ந்தால் மறுபடி முள். அந்த ஒடுங்கிய பச்சை நாடாதான் நரை அணிலின் வீடு. பூனை அளவு உடல், நரைத்த ரோமம், உடலளவுக்கு நீண்ட வால். இது தரையில் இறங்க விரும்பாது, கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே வாழும். ஆற்றோர மரவரிசையில் இரண்டு மூன்று மரம் விழுந்து இடைவெளி விட்டால்கூட அதற்கு வழி துண்டாகிவிடும். ஆகவே அணிலைத் தேடுபவர்கள் முதலில் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். கூடு இலைகளால் கட்டிய பெரிய பந்து, உயரக் கிளைக்கவட்டில் இருக்கும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். பழத்தோல் மேலிருந்து சொட்டென்று விழும் சத்தத்தைக் கேட்டு நின்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே நடக்க வேண்டுமென்றால் சின்னாறு சாவடியில் கேரள வனத்துறையிடம் கட்டணம் கட்டி வழிகாட்டியோடு ஆற்றங்கரை நடை போகலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் சின்னாறு சாவடி–கூட்டாறு வழித்தடம் இருக்கிறது. கூட்டாற்றுக்கு அப்பால் தளிஞ்சி, மஞ்சம்பட்டி மலைக்கிராமங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அந்த மக்கள் நாள் கணக்கில் துண்டிக்கப்படுகிறார்கள். அவர்களின் ஊர் சுற்றுலாத் தலம் அல்ல. வழிகாட்டியாக வருபவர்களும் இந்த மலைக்காரர்கள்தான். "நில்லுங்க" என்று அவர் கை காட்டினால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி, முள் குத்தாத தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ. மெல்லிய ஓட்டப்பந்தய ஷூவை உடைமுள் சுலபமாகத் துளைத்துவிடும்.

அமராவதி அணையருகே முதலைப் பண்ணை இருக்கிறது. அணையிலும் அதற்கு வந்து சேரும் ஆறுகளிலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே உண்டு. ஆகவே கரையில் இறங்கிக் கால் நனைக்கும் ஆசை வேண்டாம்.

அதே சாலையில் மேலே போனால் மறையூர், சந்தனக்காடு, பிறகு தேயிலை, பிறகு மூணாறை ஒட்டிய இராஜமலை. 1978-இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தின் வாசல் அது. கிராஸ் ஹில்ஸுக்கு அனுமதி கேட்டு அலைவதைவிட இராஜமலைக்குப் போவது மேல் என்று சொல்வேன். இரண்டும் ஒரே மலைமுகட்டின் இரண்டு பக்கங்கள், புல்லும் சோலையும் வரையாடும் ஒன்றே. கேரள வனத்துறைப் பேருந்தில் ஏறிப் போய், சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். வரையாடுகள் குட்டி போடும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் உடுமலையில் புறப்பட்டால் உடைமுள்ளிலிருந்து உச்சிப்புல் வரை ஒரே நாளில் ஏறிவிடலாம். இதைவிடச் சுருக்கமான பாடம் தென்னிந்தியாவில் கிடைப்பது அரிது.

அந்த உச்சிப்புல்லில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புல்வெளியும் சோலையும் ஒன்றுக்குள் ஒன்று கரையாமல், கோடு கிழித்தது போலப் பிரிந்து நிற்கும். முதுகுபோல் உயர்ந்த இடமெல்லாம் புல், மடிப்பிலும் ஓடைப்பள்ளத்திலும் மரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழுகிறது. புல்லின் வளர்முனை மண்ணை ஒட்டி இருப்பதால் அது தப்பிக்கிறது, மரக்கன்று கருகுகிறது. சோலைக்குள் மேலே கூரை இருப்பதால் வெப்பம் வெளியேறுவதில்லை, அங்கே கன்று பிழைக்கிறது. கூடவே மண்ணின் ஆழமும் காட்டுத்தீயும் இந்த எல்லையைக் காத்துவந்திருக்கின்றன. விளிம்பில் நிற்கும் மரங்கள் குட்டையாக, கிளை முறுகி, அடிமரத்தில் பாசி பிடித்து இருக்கும். இலை கட்டைவிரல் அளவு, தடித்தது. தளிர் மட்டும் செம்பாக மின்னும். புல்வெளியை 'வெற்று நிலம்' என்று எண்ணி வாட்டில் என்ற அயல்நாட்டு மரமும் தைலமரமும் நட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அவற்றை அகற்றுவது நட்டதைவிடக் கடினமான வேலையாகிவிட்டது. புல்லில் இருக்கும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்: 2006, 2018, அடுத்து 2030.

டாப்சிலிப்: தேக்கு

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சேத்துமடைச் சோதனைச்சாவடியில் பெயர், வண்டி எண் பதிவு, நுழைவுக் கட்டணம், பிளாஸ்டிக் சோதனை. இரு சக்கர வாகனத்தில் போக முடியாது. பேருந்து உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைதான். திரும்பும் நேரத்தை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் பங்க் இல்லை, ஏடிஎம் இல்லை, செல்போன் பெரும்பாலும் பயன்படாது. வண்டியில் சஃபாரி, தங்குமிடம் இரண்டும் வனத்துறை வழியாக மட்டுமே. புலிகள் காப்பக இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யாமல் சனி, ஞாயிறில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வெள்ளையர் காலத்தில் பம்பாய்க் கப்பல் துறைக்கு இங்கிருந்து தேக்கு போனது. மேலிருந்து மரத்தை வழுக்கிவிட்டுக் கீழே இறக்கிய இடமென்பதால்தான் இந்தப் பெயர். வெட்டி வெட்டிக் காடு தேய்ந்தபோது, 1910-களின் நடுவில் வந்த ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி மரத்தை வேரோடு எடுப்பதை நிறுத்தி, தரைமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்க்க விடும் முறையைக் கொண்டுவந்தார். ஊன்றுகோலால் குழி போட்டு விதையைத் தள்ளிக்கொண்டே நடப்பார் என்று இங்கே சொல்வார்கள். 1933-இல் இறந்த அவரது கல்லறை டாப்சிலிப்பில் இருக்கிறது. 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயானால் சுற்றிலும் பார்' என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார்கள். சுற்றிலும் தேக்குதான். நடப்பட்ட ஒற்றை மரத் தோட்டம் இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது என்பதையும் அந்த இடத்திலேயே நினைத்துப் பார்க்கலாம்.

விழுந்து கிடக்கும் தேக்கிலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். முழங்கையளவு நீளம் வரும், உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. இளந்தளிர் கிடைத்தால் விரலால் கசக்கினால் போதும், விரல் இரத்தச் சிவப்பாகும். மழைக்காலத்தில் இவ்வளவு பெரிய இலையால் வேகமாக உணவு தயாரித்துவிட்டு, ஜனவரியிலிருந்து மரம் உதிர்க்கத் தொடங்குகிறது. மார்ச்சில் காடே எலும்புக்கூடாக நிற்கும். அழகு குறைவு, ஆனால் காட்டுமாடும் கடமானும் தூரத்திலிருந்தே தெரிவது அப்போதுதான். ஜூலையில் போனால் பச்சை அடர்ந்து, சாலையிலிருந்து இருபது அடிக்கு அப்பால் நிற்கும் யானைகூடக் கண்ணில் படாது. சருகு காய்ந்த காலத்தில் தீப்பொறி ஒன்று போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் தீக்காலத்தில் நடைபாதைகளை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நடைப்பயணத் திட்டம் எதையும் உறுதியென்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கோழிகமுத்தி யானை முகாமுக்கு வனத்துறை வண்டியில் அழைத்துப் போவார்கள். கேழ்விரகு, கொள்ளு, அரிசி இவற்றை வேகவைத்து உப்பும் வெல்லமும் சேர்த்து உருட்டிய கவளங்களை வாயில் வைப்பதைப் பார்க்கலாம். பாகன்களில் பெரும்பாலோர் மலசர் பழங்குடியினர். பல மாநிலங்களுக்குப் போய்க் காட்டு யானைகளைப் பிடித்த கலீம் என்ற கும்கி இங்கேதான் 2023-இல், 60 வயதில் ஓய்வு பெற்றது. யானைக்கு நேர் பின்னால் போய் நிற்காமல் இருப்பது, பாகனைக் கேட்காமல் தொடாமல் இருப்பது, இந்த இரண்டு போதும்.

கரியன் சோலை டாப்சிலிப்பின் அருகிலேயே இருக்கிறது. வெளியே வெளிச்சம் கூசும் தேக்கு, நாலு அடி உள்ளே போனால் பசுமைமாறாக் காட்டின் இருட்டு. உள்ளே போக அனுமதி கிடைப்பது அரிது. ஓரத்தில் நின்றாலே கருமந்தியின் உறுமலும் மலை அணிலின் கடகடப்பும் கேட்கும். டாப்சிலிப்–பண்டாரவரை நடைத்தடம் 'ட்ரெக் தமிழ்நாடு' பட்டியலில் உண்டு. பரம்பிக்குளம் கேரளக் காப்பகம், ஆனால் சாலை வழி டாப்சிலிப் வழியாக மட்டுமே. ஆனைப்பாடியில் தனியாக அனுமதி, தனியாகக் கட்டணம். அங்கே நிற்கும் பழம்பெரும் கன்னிமரத் தேக்கைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்கலாம். டாப்சிலிப்போடு ஒரே நாளில் அடைத்தால் இரண்டும் பாழ்.

வால்பாறை: துண்டு துண்டான மழைக்காடு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். 2025 நவம்பரிலிருந்து ஊட்டி, கொடைக்கானலைப் போலவே வால்பாறைக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். எடுப்பது சுலபம், சாவடியில் நின்று சிக்னல் தேடாமல் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை தெரியும் என்று எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பாறைச்சரிவில் வரையாடுகள் நிற்கும். உச்சிப்புல்லில் இருக்க வேண்டிய விலங்கு இவ்வளவு தாழ்வில் எப்படி என்றால், அதற்கு வேண்டியது குளிர் அல்ல. சிறுத்தை ஏற முடியாத செங்குத்துப் பாறையும் பக்கத்தில் புல்லும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதன் எண்ணிக்கை, தமிழ்நாட்டில் மட்டும், 2024 கணக்கெடுப்பில் 1,031 ஆக இருந்தது. சிப்ஸ் பாக்கெட்டோடு கிட்டே போகாதீர்கள். உப்புச் சுவை பழகிய ஆடு சாலையில் வந்து நிற்கும், வளைவில் இறங்கும் லாரி அதைப் பார்க்காது.

அட்டகட்டி தாண்டி, கவர்க்கல் அருகே எந்நேரமும் பனிமூட்டம் இறங்கலாம். ஹை பீம் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். லோ பீமும் பனி விளக்கும் போட்டு, சாலையோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போக வேண்டும். மூட்டத்தில் நாலு இண்டிகேட்டரும் போட்டுக்கொண்டு ஓட்டுவது இப்போது பரவலாகிவிட்ட கெட்ட பழக்கம். எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி தேயிலை. அதன் நடுவே தோட்டங்களுக்குச் சொந்தமான மழைக்காட்டுத் துண்டுகள் திட்டுத்திட்டாக நிற்கின்றன. பூங்காவின் எல்லைக்குள் இல்லாத இந்தத் திட்டுகள்தான் பயணிக்கு மழைக்காட்டை அருகில் காட்டுபவை. வெளியே சாலையில் நின்றே பாருங்கள். வெடிப்பலாவின் முள்ளுக்காய் நேராகத் தடித்த கிளையிலேயே காய்த்திருக்கும். கருங்குங்கிலியம் தளிர்விடும் காலத்தில் பச்சைக் கூரைக்கு மேலே சிவப்புக் கொடி ஏற்றியது போல நிற்கும். கீழ்த்தட்டு இலைகளின் நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள், வால் நீண்டு தண்ணீர் சொட்டும். ஈரம் தங்கினால் இலைமேல் பாசி படரும், வெளிச்சம் போகும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வால்.

புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குக் கூட்டம் சாலையோரம் வரை வரும். மரத்திலேயே வாழ்ந்து பழகிய குரங்கு. மரக்கூரை துண்டான இடத்தில் தரையில் இறங்கி, வண்டியில் அடிபட்டுச் செத்தன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்குபாலங்கள் அதற்காகத்தான். காலையில் அந்தப் பாலங்களைக் கவனித்தால் வரிசையாகக் கடப்பதைப் பார்க்கலாம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு இங்கே பல ஆண்டுகளாகச் சிதைந்த திட்டுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்கிறது. யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும், செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்காலும் ஊர் மக்களுக்கு எச்சரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் யானை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்ததும் கேமராவோடு இறங்கும் ஆட்களுக்கு என்ன சொல்வது!

இருவாட்சியைப் பார்க்க வேண்டுமானால் கிலோமீட்டர் ஓட்டுவதை நிறுத்துங்கள். பழுத்த ஆலோ அத்தியோ எங்கே நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களைக் கேட்டு, அதற்கு எதிரே ஒரு மணி நேரம் அசையாமல் இருங்கள். பறவை தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். பெரிய இறகுகளின் அடியை மூடும் சிறு இறகுகள் இல்லாததால், சிறகடிக்கும் ஒவ்வொரு முறையும் காற்று இடுக்கில் பீறிட்டு, நீராவி எஞ்சின் மூச்சுவிடுவது போலக் கேட்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கூட்டுப் பருவம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் பழச்சதையாலும் பூசி, அலகு மட்டும் நுழையும் பிளவு விட்டு அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும் வரை ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் உள்ளே இருக்கிறது. கூட்டு மரத்தடியில் ஆட்கள் நின்றால் ஆண் கிட்டே வராமல் சுற்றிச் சுற்றிப் பறக்கும், உள்ளே பட்டினி. கூடு தெரிந்தால் விலகிப் போவதுதான் முறை. இடத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) எடுங்கள், 10x42 வேண்டாம். பெரிதாகக் காட்டுவது கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். எட்டில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் ஐந்தேகால் மில்லிமீட்டர், பத்தில் நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு. மழைக்காட்டு இருட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அட்டைக்குப் பயந்து வால்பாறையைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். ஜூனிலிருந்து நவம்பர் வரை அட்டை இருக்கும்தான். நெருக்கமாக நெய்த துணியால் முழங்கால் வரை வரும் அட்டை சாக்ஸை, கால்சட்டையின் மேல் இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்தது. சாக்ஸ் மேல் உப்புத்தண்ணீரோ புகையிலைத் தண்ணீரோ தெளிப்பார்கள்; மழையில் கழுவிப் போனால் மறுபடி தெளிக்க வேண்டும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். நகத்தை மெல்லிய வாய்ப்பக்கத்தின் கீழ் தோலோடு ஒட்டிச் செலுத்தி விலக்கினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் சற்று நேரம் கசியும். கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.

எப்போது போவது என்றால், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிவு வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து கிழக்கில் இன்னும் பச்சை இருக்கும், தேக்கு இலை முழுதாக விழுந்திருக்காது, மேற்கே அட்டை குறைந்திருக்கும், இராஜமலை திறந்திருக்கும், தீக்கால மூடல் தொடங்கியிருக்காது. பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நான்கு நாள் இருந்தால் முதல் நாள் உடுமலையில் தங்கிச் சின்னாறும் இராஜமலையும், இரண்டாம் நாள் அமராவதி வழியாகப் பொள்ளாச்சிக்குத் திரும்பி ஓய்வு, மூன்றாம் நாள் டாப்சிலிப், நான்காம் நாள் விடியலில் வால்பாறை ஏற்றம். ஐந்தாம் நாள் கிடைத்தால் அதையும் வால்பாறைக்கே கொடுங்கள். ஜூன், ஜூலையில் மட்டுமே விடுப்பு கிடைக்கும் என்பவர்கள் மழையைப் பார்ப்பதற்காகவே வால்பாறை போகலாம், ஆனால் மண்சரிவால் சாலை அடைபட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரும் என்ற கணக்கோடு போக வேண்டும்.

சாலையில் யானை நின்றால் குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். காதை விரித்து அசையாமல் உங்கள் பக்கம் பார்த்தால் பின்னால் எடுங்கள். கன்னத்தில் ஈரக்கோடு வழியும் தனி ஆண் யானை என்றால் அதற்கு மதம். அது காதை விரிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பார்த்ததுமே பின்வாங்குங்கள். பின்னால் வரும் வண்டி ஒட்டி நின்றுவிடாமல் கையைக் காட்டி இடம் விடச் சொல்ல வேண்டியதும் முன்னால் நிற்பவரின் பொறுப்பு. பலமுறை ஆபத்து வருவது யானையால் அல்ல, பின்னால் எடுக்க வழியில்லாமல் போவதால்.

கடைசியாக, இறக்கம். நாற்பது வளைவும் ஏறும்போது வண்டிக்குச் சிரமம், இறங்கும்போது பிரேக்குக்குச் சிரமம். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய விதி. பெரும்பாலான கார்களுக்கு அது இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது கையால் மாற்றும் நிலைக்குப் போங்கள், 'டி'-யிலேயே விட்டால் வண்டி தானாக மேல் கியருக்குப் போய் வேகம் எடுக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு, முழுப் பாரமும் பிரேக் மேல்தான் விழும். அதில் இருவர் ஏறி வால்பாறை வருவதை நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் பிரேக்கைச் சூடாக்குகிறது. வளைவுக்கு முன் நேர்ப்பகுதியில் அழுத்தமாக ஒருமுறை பிடித்து விட்டுவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. கருகல் வாடை வந்தாலோ, பெடல் பஞ்சு போல இறங்கினாலோ, பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். முதல் கியருக்குக் குறைத்து, அடுத்து வரும் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்மேல் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும். கையில் பாட்டில் இருந்தாலும் ஊற்றாதீர்கள்.